பதினொரு புத்தகங்களில் ஒரே 214

திங்கட்கிழமை. முதல் பாடவேளை எனக்கு இல்லை. ஆசிரியர் அறையில் மேசைமேல் ஆறாம் ஆண்டின் 23 கணிதப் புத்தகங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்த வீட்டுப்பாடத்தில் நான்காவது கணக்கு இதுதான்: 240 வெள்ளி விலையுள்ள மிதிவண்டிக்குக் கடைக்காரர் 15 விழுக்காடு கழிவு தருகிறார், வாங்குபவர் எவ்வளவு செலுத்த வேண்டும்? கழிவு 36 வெள்ளி. செலுத்த வேண்டியது 204 வெள்ளி. முதல் புத்தகத்தில் 214 என்றிருந்தது. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். மூன்றாவது புத்தகத்திலும் 214. ஐந்தாவதிலும் 214. வட்டம் போடுவதை நிறுத்திவிட்டு எல்லாப் புத்தகத்தையும் நான்காவது கணக்கில் திறந்து மேசையில் பரப்பினேன். பதினொரு புத்தகங்களில் 214.

பிள்ளைகள் தவறு செய்வது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் தவறு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவன் 36-ஐயே விடையாக எழுதிவிட்டு எழுந்து போவான். இன்னொருத்தி கழிக்காமல் கூட்டி 276 என்பாள். 214 எப்படி வரும் தெரியுமா? 240-இல் 36-ஐக் கழிக்கும்போது சுழியத்தில் 6 போகாது என்று பத்தின் இடத்திலிருந்து கடன் வாங்கி, வாங்கியதை மறந்துவிட்டால் வரும். அந்த மறதி ஒரு பிள்ளைக்கு வரும், இரண்டு பிள்ளைக்கு வரும். ஒரே இரவில் ஒரே கணக்கில் பதினொரு பேருக்கு வராது.

அன்று மதியம் விசாரித்தேன். மறைக்கக்கூட யாரும் முயலவில்லை. ‘கணிதச் சிங்கங்கள்’ என்று புலனத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். சனிக்கிழமை இரவு எட்டரைக்கே ஒருவன் தன் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டுவிட்டான். படம் போட்டவன் வகுப்பில் கெட்டிக்காரன் அல்ல, வேகமானவன். சிங்கங்களுக்கு அந்த வேறுபாடு முக்கியமாகப் படவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலரும் சிரிப்பீர்கள் என்று தெரியும். நாமும் பார்த்து எழுதியவர்கள்தாம். சபைகூடலுக்கு மணி அடிக்கும் முன், சிற்றுண்டிச்சாலைப் பலகையில் புத்தகத்தை மடக்கி வைத்துக்கொண்டு, தோழியின் மலாய்ப் பயிற்சியை நான் எத்தனை முறை அவசர அவசரமாக எழுதியிருக்கிறேன்! ஆனால் அப்போது ஒரு புத்தகத்தைச் சுற்றி மூன்று பேர்தான் நிற்க முடியும். இப்போது ஒரு படம் போதும், ஒரு வகுப்பே நிற்கலாம்.

என் சக ஆசிரியர் ஒருவர், “விடுங்க டீச்சர், எழுதிக் கொண்டு வராங்களே, அதுவே பெருசு,” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் என் கவலை வேறு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு தொடக்கப்பள்ளியில் ஒரு பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை வகுப்பறை மதிப்பீட்டில்தான் பெரிதும் பார்க்கிறோம். ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை அடைவு நிலை போடுகிறோம். எதைப் பார்த்துப் போடுகிறோம்? வகுப்பில் செய்ததை, வாயால் சொன்னதை, புத்தகத்தில் எழுதியதை. புத்தகத்தில் இருப்பது வேறு யாரோ செய்த கணக்கு என்றால், நான் போடும் எண்ணும் வேறு யாருக்கோ போட்ட எண்தான்.

திட்டிப் பார்த்தேன். ஒரு வாரம் புத்தகங்கள் குறைந்தன. அடுத்த வாரம் பழையபடி. சரி, ஆளுக்கொரு கணக்கு கொடுப்போம் என்று முடிவு செய்தேன். எல்லாருக்கும் ஒரே கேள்விதான், எண்கள் மட்டும் வேறு. பார்த்து எழுத ஒன்றும் இருக்காது அல்லவா?

எக்செல்லில் ‘ரேண்ட்பிட்வீன்’ என்று ஒரு சூத்திரம் உண்டு. இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் ஏதாவது ஒன்றைக் கொடு என்றால் கொடுத்துவிடும். விலைக்கு 150 முதல் 600 வரை, கழிவுக்கு 5 முதல் 30 வரை என்று போட்டு, மெயில் மெர்ஜ் மூலம் 23 தாள்களாக்கி, ஞாயிறு இரவு அச்சடித்து முடித்தபோது மணி பன்னிரண்டு. மூன்று மணி நேரம். பக்கத்திலேயே விடைகளுக்கும் சூத்திரம் போட்டிருந்ததால் திருத்துவது சுலபம் என்று நிம்மதியாகப் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை தாள்கள் வந்தன. கணினியில் விடைக் கோப்பைத் திறந்தேன். முதல் தாளில் விலை 418 வெள்ளி, கோப்பில் 263. இரண்டாவது தாளிலும் பொருந்தவில்லை. அந்தச் சூத்திரம் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் புது எண்களைப் போட்டுவிடும். முதலிலேயே எண்களை நகலெடுத்து, சூத்திரமில்லாத வெறும் மதிப்புகளாக ஒட்டி வைத்திருக்க வேண்டும். இதைச் செய்து பார்க்க நினைக்கும் இளம் ஆசிரியர்கள் தயவுசெய்து இந்த வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் 23 தாள்களையும் கையால் கணக்குப் போட்டுத்தான் திருத்தினேன். பிள்ளைகளுக்குக் கொடுத்த வீட்டுப்பாடத்தை 23 முறை நானே செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்படிச் செய்தபோதுதான் அதைவிடப் பெரிய தவறு கண்ணில் பட்டது. ஒருத்திக்கு 200 வெள்ளியில் 10 விழுக்காடு விழுந்திருந்தது. அரை நிமிடக் கணக்கு. அவளுக்கு அடுத்த பதிவு எண்ணில் இருந்த பையனுக்கு 173 வெள்ளியில் 17 விழுக்காடு. விடை 143 வெள்ளி 59 காசு. தாள் முழுவதும் அழித்த தடம். ஓர் இடத்தில் காகிதமே கிழிந்திருந்தது. இருவருக்கும் நான் ஒரே கேள்வியைத்தான் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது கணிதம் சொல்லிக்கொடுப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் கணினி கையில் வந்தவுடன் மறந்துவிடுகிறது. கணக்கின் கடினம் கேள்வியின் வாக்கியத்தில் இல்லை, எண்ணில் இருக்கிறது. 87-இல் 32 போனால் எவ்வளவு என்று கேட்பதும் 82-இல் 37 போனால் எவ்வளவு என்று கேட்பதும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். முதலாவதில் நேரே கழிக்கலாம். இரண்டாவதில் கடன் வாங்க வேண்டும். முக்காலுடன் அரைக்காலைக் கூட்டச் சொன்னால் எட்டில் முடிந்துவிடும். முக்காலுடன் ஆறில் ஒன்றைக் கூட்டச் சொன்னால் பன்னிரண்டு வரை போக வேண்டும். நல்ல பாடநூலில் எந்த எண் எந்தக் கணக்கில் வர வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். குருட்டுச் சீட்டு எடுப்பதுபோல் எண்ணை மாற்றினால் அந்த யோசனை முழுவதும் கலைந்துவிடும்.

இரண்டாவது முயற்சிக்குக் கணினியே தேவைப்படவில்லை. ஒரே தாள்; ஒரே அச்சு. நான்காவது கேள்வியை இப்படி எழுதினேன்: உன் பதிவு எண்ணை 20-ஆல் பெருக்கு. அதனுடன் 200-ஐக் கூட்டு. மிதிவண்டியின் விலை அவ்வளவு வெள்ளி. கழிவு 15 விழுக்காடு. எவ்வளவு செலுத்துவாய்?

பெயர்ப் பட்டியலில் இரண்டாம் எண்காரருக்கு விலை 240 வெள்ளி, பழைய கணக்கேதான். ஏழாம் எண்ணுக்கு 340. இருபத்து மூன்றாம் எண்ணுக்கு 660. யாருக்கும் காசு கணக்கு வராது. எல்லாருக்கும் கழிவு முழு வெள்ளியில்தான் வரும். திருத்துவதும் எளிது. எந்த எண்ணாக இருந்தாலும் அதை 17-ஆல் பெருக்கி 170-ஐக் கூட்டினால் செலுத்தும் தொகை கிடைக்கும். 17-ஆம் வாய்பாட்டை எழுதி என் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டேன். ஒரு கோப்பித் தண்ணி குடிக்கும் நேரத்தில் 23 தாளும் முடிந்துவிடும்.

அதிலும் ஓர் ஓட்டை இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு கேள்வி பேருந்து பற்றியது. எட்டு மணியைத் தாண்டி உன் பதிவு எண் எத்தனையோ அத்தனை நிமிடத்தில் கிளம்புகிறது. ஒரு மணி 45 நிமிடம் ஓடுகிறது. எப்போது போய்ச் சேரும்? பதினான்காம் எண் வரை 9 மணி 59-க்குள் முடிந்துவிட்டது. பதினைந்தாம் எண்ணிலிருந்து நிமிடம் அறுபதைத் தொட்டு மணியாக மாறுகிறது. “அநியாயம் டீச்சர், எங்களுக்கு மட்டும் கஷ்டம்,” என்று பட்டியலின் பின்பாதி கொடி பிடித்தது. அடுத்த வாரம் ஒரு மணி 59 நிமிடம் என்று மாற்றினேன். எல்லாருக்கும் நிமிடம் அறுபதைத் தொட்டு மணியாக மாறியது. சிலர் இரண்டு மணி நேரத்தைக் கூட்டி ஒரு நிமிடத்தைக் குறைத்திருந்தார்கள். அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

சிங்கங்களின் குழுவில் என்ன ஆயிற்று? இதை ஓர் அம்மா பள்ளி வாசலில் காட்டினார். அவருடைய கைப்பேசியில்தான் மகளும் பேசுகிறாள். முதல் இரவு வழக்கம்போல் ஒருவன் படம் போட்டிருக்கிறான். கீழே வரிசையாக: “உன் நம்பர் எத்தன?” “எனக்கு வேற வருது.” “இத வச்சு என்னடா பண்றது?” அதன் பிறகு படங்கள் குறைந்து குரல் பதிவுகள் வந்திருக்கின்றன. ஒன்பதாம் எண் மாணவி பதினாறாம் எண்ணுக்கு அனுப்பியதை அந்த அம்மா போட்டுக் காட்டினார். இரண்டு நிமிடம் ஓடுகிறது. “பதினஞ்சுன்னா பயப்படாத. மொதல்ல பத்து எடு. சுழியத்த எடுத்துட்டா பத்து. அதுல பாதி எடு, அது அஞ்சு. ரெண்டையும் கூட்டு. கூட்டிட்டியா? இப்ப கழி. கடன் வாங்குனா மறந்துராத, போன வாட்டி எல்லாரும் அதுலதான் மாட்டுனோம்.”

வகுப்பில் நான் சொன்னதைவிட அது தெளிவாக இருந்தது. விடையை ஒருவருக்கொருவர் கொடுக்க முடியாமல் போனதால், வழியைக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். பிள்ளைகள் சேர்ந்து செய்வதை நிறுத்துவது என் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை. அந்தக் குரல் பதிவைக் கேட்டபோது அது எனக்கே தெளிவானது.

பெற்றோருக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. சில தாள்களில் பிள்ளையின் கையெழுத்தில் அப்பாவின் கணக்கு வந்தது. 340 பெருக்கல் 0.85, விடை 289. சரியான விடை. அலுவலகத்தில் நீங்கள் செய்வதும் அதைத்தான். ஆனால் 0.85 எங்கிருந்து வந்தது என்று அவளைக் கேட்டால், “அப்பா சொன்னாங்க,” என்கிறாள். நூற்றில் பதினைந்து போனால் எண்பத்தைந்து மிச்சம் என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்ல நேரமில்லை என்றால், தாளைப் பாதியோடு அனுப்பிவிடுங்கள். பாதித் தாளைப் பார்த்தால் எங்கே நின்றாள் என்று எனக்குத் தெரியும்.

கேமராவைக் காட்டினால் கணக்குப் போட்டுத் தரும் செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். ஃபோட்டோமேத் 2014-லேயே வந்துவிட்டது. 2022 கடைசியில் சாட்ஜிபிடியும் வந்தது. அவற்றுக்கு ஏழாம் எண்ணும் ஒன்றுதான், பதினேழாம் எண்ணும் ஒன்றுதான். அதற்கு என்னிடம் இருப்பது பழைய வழி: காலையில் ஐந்து நிமிடம், யாரையாவது வெண்பலகைக்கு அழைத்து, “உன் நம்பர் 30-ன்னு வச்சுக்க, செஞ்சு காட்டு” என்பேன். தாளை நேர்மையாகச் செய்தவனுக்கு அது மூன்று நிமிட வேலை.

இனி, நான் எழுதத் தயங்கிய பகுதி.

பதிவு எண் கொண்ட முதல் தாள் வந்த அன்று நான்கு தாள்கள் வெற்றாக இருந்தன. மூன்று பேர் வழக்கமாகச் செய்யாதவர்கள். நான்காவது தாள் பதினான்காம் எண்ணுடையது. ஊர் சிறியது, பெயர் வேண்டாம். அவனைப் பதினான்கு என்றே சொல்கிறேன். ஐந்தாம் ஆண்டிலிருந்து அவன் என் மாணவன். ஒரு வீட்டுப்பாடமும் தவறவிட்டதில்லை. வகுப்பிலேயே அழகான கையெழுத்து. கோடு போட அளவுகோல் இல்லாமல் வரமாட்டான். 214 எழுதிய பதினொரு பேரில் அவனும் ஒருவன். அந்தத் தவறைக்கூட அவன்தான் ஆக அழகாக எழுதியிருந்தான்.

அவனிடமிருந்து வெற்றுத்தாள் வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. பார்த்து எழுத வழியில்லை என்றதும் வீம்புக்குச் செய்யாமல் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். எல்லார் முன்பும் எழுந்து நிற்கச் சொன்னேன். “நேத்து வரைக்கும் செஞ்ச கை, இன்னைக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பாடம் முடியும் வரை நின்றான். உட்காரச் சொல்ல நான் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதுவது எளிது.

பள்ளி முடிந்த பிறகு அவனுடைய வேன் வர இருபத்தைந்து நிமிடம் ஆகும். சிற்றுண்டிச்சாலையில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். உன் எண்ணுக்கு விலை எவ்வளவு? 14-ஐ 20-ஆல் பெருக்கத் தெரியவில்லை. சரி, விலை 480 வெள்ளி என்று நானே சொன்னேன். அதில் பத்து விழுக்காடு? தெரியவில்லை. 480-ஐப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு எவ்வளவு? மேசையின் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தான். 48-ஐப் பத்துப் பத்தாகக் கட்டு என்றேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அவன் இரண்டாம் ஆண்டு. பள்ளி மூடியும் திறந்தும் மறுபடி மூடியும் மூன்றாம் ஆண்டும் பெரும்பாலும் அப்படியே போனது. பெருக்கலும் வகுத்தலும் பிள்ளைகளிடம் வேர்விடுவது அந்த இரண்டு ஆண்டுகளில்தான். அவன் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி. பகலில் அதுவும் அப்பாவோடு லாரியில் போய்விடும். நான்காம் ஆண்டில் வகுப்புக்குத் திரும்பியபோது மற்றவர்கள் ஏதோ கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். அவன் பார்த்து எழுதக் கற்றுக்கொண்டான். அழகாக எழுதக் கற்றுக்கொண்டான். யாரும் கேள்வி கேட்காத அளவுக்கு அழகாக.

என் கோப்பில் ஐந்தாம் ஆண்டுக் கணிதத்தில் அவனுடைய அடைவு நிலை 4. போட்டது நான். எதைப் பார்த்துப் போட்டேன் என்று இப்போது யோசித்தால், அளவுகோலால் போட்ட அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான்.

அந்த ஆண்டின் நடுவில் 4-ஐ 2 என்று மாற்றினேன். தலைமையாசிரியரிடம் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அதைவிடக் கடினம் அவன் அப்பா வந்த அன்று. வேலைச் சட்டையோடு வந்திருந்தார். “போன வருஷம் நாலு போட்டிருக்கீங்க டீச்சர். இப்ப ரெண்டுங்கிறீங்க. ஒரு வருஷத்துல புள்ளைக்கு மூளை கொறஞ்சா போச்சு?” என்றார். குரல் உயரவில்லை. மூளை குறையவில்லை, போன ஆண்டு நான் போட்ட எண்தான் தப்பு என்றேன். அவர் மகனின் பழைய புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் என் சிவப்புச் சரிக்குறி. “இவ்ளோ ‘சரி’ போட்டிருக்கீங்களே,” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்று முதல் வேனுக்குக் காத்திருக்கும் இருபத்தைந்து நிமிடமும் என் பொறுப்பு என்று மட்டும் சொன்னேன். “வேன்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன், பத்து நிமிசம் லேட்டா வரச் சொல்றேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாவனைப் பணத்தாள்களை நகலெடுத்து வைத்துக்கொண்டு தொடங்கினோம். பத்து வெள்ளித் தாள், ஒரு வெள்ளித் தாள், பத்துக் காசு. மாற்றுவது, பிரிப்பது, மறுபடி சேர்ப்பது. மூன்றாம் ஆண்டுப் பாடத்தை ஆறாம் ஆண்டில் செய்வது அவனுக்கு வெட்கமாக இருந்தது. யாராவது அந்தப் பக்கம் வந்தால் தாள்களைக் கையால் மூடிக்கொள்வான்.

இதற்கிடையில் வகுப்பில் இன்னொன்று நடந்தது. கழிவுக் கணக்கை மறுபடி ஒருமுறை கொடுத்திருந்தேன், அதே 20, அதே 200. அன்று கிட்டத்தட்ட எல்லாத் தாளும் சரி. செய்முறைதான் இல்லை. விடை மட்டும் கடைசி வரியில் உட்கார்ந்திருந்தது. நான் முறைத்த முறைப்பில் ஏழாம் எண் எழுந்துவிட்டான். “டீச்சர், பக்கத்து நம்பரோட விடைக்கு 17 கூட்டுனா நம்ம விடை வந்துரும்,” என்றான். இரண்டு பேரின் விடைகளை வைத்து வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, முதல் எண்ணிலிருந்து இருபத்து மூன்றாம் எண் வரை பட்டியல் போட்டுக் குழுவில் விட்டிருக்கிறான். பட்டியலைக் காட்டச் சொன்னேன். அதில் முதல் எண்ணுக்கும் மேலே ஒரு வரி இருந்தது.

“சுழியம் நம்பர் யாருடா?”

“யாரும் இல்ல டீச்சர். ஆனா அவரு வந்தா 170 வெள்ளி கட்டணும்.”

கோபத்தை முகத்தில் நிறுத்தி வைக்க அன்று நான் பட்ட பாடு! என் அலமாரிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த இரகசியத்தை, கதவைத் திறக்காமலேயே படித்துவிட்டான். எண் தோரணியைக் கண்டுபிடித்து அதற்கு விதி சொல்வது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவப் பாடம். அந்த நூலின் முதல் அத்தியாயமே அதுதான். இவன் பன்னிரண்டு வயதில், வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிக்க, அங்கே போய் நின்றான். இது காப்பியா? ஏழாம் எண் செய்தது காப்பி இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பட்டியலைப் பார்த்து எழுதிய மற்றவர்கள் செய்தது பழைய காப்பிதான். ஆகவே அடுத்த நாள் கேள்வியைத் திருப்பினேன்: ஒருவர் 459 வெள்ளி கட்டினார், அவருடைய பதிவு எண் என்ன? பட்டியல் வைத்திருந்தவர்கள் பதினேழு என்று உடனே சொன்னார்கள். 850 வெள்ளி கட்டியவர்? பட்டியலில் இல்லை. வகுப்பு அமைதியானது. நாற்பது என்று ஒன்பதாம் எண் சொல்ல ஐந்து நிமிடம் பிடித்தது. சொன்ன பிறகு அது எப்படி என்று மற்றவர்கள் சண்டை போட இன்னும் பத்து நிமிடம்.

அந்தக் கட்டுத் தாள்களில் பதினான்காம் எண்ணின் தாளும் இருந்தது. வெற்றாக இல்லை. 408 என்று எழுதியிருந்தான். சரியான விடை. பட்டியலைப் பார்த்து எழுதியிருப்பான் என்று மனம் முதலில் சொன்னது. இந்த முறை எல்லார் முன்பும் கேட்கவில்லை. சிற்றுண்டிச்சாலையில், பணத்தாள்களை எடுத்து வைக்கும்போது, சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

“பட்டியல் நான் பாக்கல டீச்சர். போன்ல காசு இல்ல,” என்றான். “இங்க வந்து, பதிமூணு 391-ன்னான். பதினஞ்சு 425-ன்னா. நடுவுல நான்தானே. அதான் நடுவுல எடுத்தேன்.”

எப்படி எடுத்தாய் என்றேன். 391-க்கும் 425-க்கும் 34 இடைவெளி. 34-ஐ இரண்டாகப் பிரித்தால் 17. அதை 391-இல் சேர்த்தான். பணத்தாள் இல்லாமல், விரல்விடாமல். மூன்று பத்துகளைப் பாதியாக்கும்போது ஒரு பத்தை உடைத்தாக வேண்டும். அதைத்தான் நாங்கள் மூன்று வாரமாக அந்தப் பலகையில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தோம்.

செய்முறை எழுதவில்லை, கழிவைக் கணக்கிடவில்லை, அடுத்தவர் விடையைக் கேட்டிருக்கிறான். மதிப்பீட்டு அட்டவணையில் இதற்கு எந்தக் கட்டமும் இல்லை. தாளில் சரிக்குறி போடலாமா என்று சிறிது நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு குறி எதுவும் போடாமல், “34-ஐப் பாதியாக்கியதை இங்கே எழுது” என்று பக்கத்தில் எழிதிக் கொடுக்காமல், வாயால் சொன்னேன். அளவுகோலைத் தேடினான். வேண்டாம், அப்படியே எழுது என்றேன். கோணல் மாணலாக எழுதினான். அதற்குச் சரி போட்டேன்.

ஆண்டிறுதியில் அவனுக்கு 3 போட்டேன். ஒரு வாரம் அந்த 3-ஐத் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டுத்தான் போட்டேன். அவன் அப்பா கையெழுத்துப் போட வந்தபோது புத்தகத்தைக் கேட்டார். இந்த முறை சரிக்குறிகளைவிட வட்டங்கள் அதிகம். நிதானமாகப் புரட்டினார். “எழுத்து முன்ன மாதிரி இல்ல,” என்றார். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது என் வகுப்பில் 19 பேர். போன வாரம் பதிவு எண் தாளைக் கொடுத்தேன், அதே மிதிவண்டி, அதே 15 விழுக்காடு. எண்களை மாற்ற எனக்குச் சோம்பல். தாளை வாங்கிப் பார்த்த ஒரு பெண் கையை உயர்த்தி, “டீச்சர், சுழியம் நம்பர்காரருக்கு இன்னமும் 170 வெள்ளிதானா?” என்று கேட்டாள். பழைய ஏழாம் எண்ணின் தங்கை. தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இந்த ஞாயிறு உட்கார்ந்து வேறு எண்கள் பார்க்க வேண்டும்.